வால்வு அக்கா வைத்த பொட்டு

யார் வீட்டில் காபி கொடுத்தாலும் வால்வு அக்கா உடனே கோப்பையை வாங்கமாட்டார். நேராகச் சமையலறைக்குப் போவார். காபி போட்ட பாத்திரம் எது என்று கேட்டு, அது மோக்கா கெண்டியாக இருந்தால், ஆறும்வரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு சட்டைக் காலரில் குத்தியிருக்கும் ஊசியை எடுத்து, கெண்டியின் இடுப்பில் இருக்கும் பித்தளைக் குமிழின் ஓட்டைக்குள் ஒரு குத்து. உள்ளே இருக்கும் முள் அசைந்து கொடுத்தால், "மூச்சு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவார். அதற்குள் காபி ஆறி அவலாகியிருக்கும். போன வாரம் சம்பந்தி வீட்டிலும் இதே கூத்துதான். சம்பந்தியம்மாள் சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைவரிசையின் கோடியில், மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில் காபிப் பாத்திரங்களைப் பழுது பார்க்கிறார். காபி தவிர வேறு எதையும் தொடமாட்டார். மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை, "நான் பல்லு டாக்டர், நீங்க முழங்காலக் காட்டுறீங்க" என்று அனுப்பிவைத்தார். கணவர் பஸ் ஓட்டுநர். அவர் தேநீர் மட்டுமே குடிப்பவர். "ஒரே வீட்டுல ரெண்டு கட்சி. ஆனா ஆட்சி கவிழல" என்பார் அக்கா.

கடைச் சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் இடமிருந்து வலமாகப் பாத்திரங்கள். முதலில் நீண்ட பிடி வைத்த சின்னச் செம்புக் குவளை. தூளையும் தண்ணீரையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டு, மண்டி அடங்கக் காத்திருந்து குடிப்பது. அடுத்தது துணிப்பை வடிகட்டி. அப்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு கண்ணாடிக் குடங்கள். கீழே தீ வைத்தால் தண்ணீர் மேலே ஏறும், தீயை எடுத்தால் காபியாகக் கீழே இறங்கும். பிறகு, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தூளின் தலையில் ஊற்றிக் காபியைக் கசப்பாக்கும் பெர்க்கலேட்டர். கடைசியில் மோக்கா. கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி. மூன்றையும் திருகி இறுக்கி அடுப்பில் வைக்க வேண்டும். ஆவி கீழிருந்து தண்ணீரைத் தள்ள, தண்ணீர் தூளுக்குள் புகுந்து மேலே காபியாக வரும். "மனுஷன் மொதல்ல கொதிக்கவெச்சான், அப்புறம் வடிகட்டினான், அப்புறம் அமுக்கினான். அவசரம் கூடக்கூட ஆவியும் கூடிப்போச்சு" என்று அக்கா மொத்த வரலாற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

தூள் அடைத்துக்கொண்டால் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. அந்த நேரத்துக்காகத்தான் இடுப்பில் அந்தக் குமிழ், அதாவது வால்வு. அது திறந்து ஆவியை வெளியே விடாவிட்டால் கெண்டி வெடிகுண்டாகிவிடும்.

அக்காவிடம் ஒரு விசித்திரம் உண்டு. பாத்திரம் நினைவிருக்கும், ஆள் நினைவிருக்காது. பத்து வருடம் பழகிய வாடிக்கையாளரைத் தெருவில் பார்த்தால் திருதிருவென்று விழிப்பார். "பிடி கருகின நாலு கப் கெண்டி" என்று அவர் சொன்னால், "அட, நீங்களா" என்று வாயெல்லாம் பல்லாகிவிடும். இதற்கு விதிவிலக்காக அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகம் தபால்காரருடையது. தினமும் பதினொரு மணிக்கு வருவார். எதைச் சொன்னாலும் கழுத்தை இடப்பக்கம் திருப்பி, "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்பார். அக்கா அவருக்கு 'இன்னொரு தடவை' என்றே பெயர் வைத்துவிட்டார். "தபால்னா ஒரு தடவ குடுத்தாப் போதும், பேச்ச மட்டும் ரெண்டு தடவ குடுக்கணும் உனக்கு" என்று தெருவே சிரிக்கும்படி கேலி செய்வார். தபால்காரரும் சிரித்துக்கொள்வார். காபி கொடுத்தால் மட்டும் தொடமாட்டார். தண்ணீர் போதும் என்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, தையல்காரப் பெண்மணி ஒருவர் தன் மோக்கா கெண்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

"ஓரமா ஒழுகுதுக்கா. மருமக புதுசா மாவு மாதிரி தூள் வாங்கியாந்தா, அதுலருந்துதான். காபி மேல ஏறவே மாட்டேங்குது, பக்கவாட்டுல புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி. நானும் துணி போட்டு எவ்வளவோ இறுக்கிப் பாத்துட்டேன்."

"வாஷர் போயிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அக்கா. பழைய ரப்பர் வாஷரை நெம்பி எடுத்தார். காய்ந்து வெடித்திருந்தது. புது வாஷரைப் பொருத்தி, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தினார். வழக்கப்படி ஊசியை எடுத்தார். ஊசி உள்ளே போகவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தபோது அக்காவைத் தூக்கிவாரிப் போட்டது. குமிழின் ஓட்டையின்மேல் பயறு அளவில் ஓர் ஈயப் பொட்டு. வழவழவென்று, பிசிறே இல்லாமல். பொட்டின் நடுவில் அரத்தின் முனையால் போட்ட ஒரு குறுக்குக் கீறல். அந்தக் கீறல் அவருடையது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இந்தக் கடையைத் திறப்பதற்கு முன், அக்கா எண்ணெய் டின் செய்யும் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் வேலையில் இருந்தார். அங்கே ஓட்டை என்றால் எதிரி. கண்டால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். கடை திறந்த புதிதில் சிலர் மோக்கா கெண்டியைக் கொண்டுவந்து, "குமிழ்ல ஒழுகுது" என்றார்கள். ஒழுகுது என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக ஈயத்தை எடுத்தது. பொட்டு வைத்து, தன் வேலை என்பதற்கு அடையாளமாக ஒரு கீறலும் போட்டுக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து, ஒரு புதுக் கெண்டியின் பெட்டிக்குள் இருந்த படத்தாளைப் பார்த்தபோதுதான் அந்த ஓட்டை எதற்கு என்பது தெரிந்தது. அன்றிலிருந்து ஊசி காலருக்கு வந்தது. ஆனால் அதற்குள் கைவிட்டுப் போன ஒன்பது கெண்டிகளைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டே வருடங்களை ஓட்டிவிட்டார்.

இப்போது ஒன்று மேசைமேல் இருந்தது. மாவு மாதிரித் தூள் வழியை அடைத்திருக்கிறது. குமிழை அக்கா அடைத்திருக்கிறார். கிழிந்த வாஷர் வழியாக ஒழுகிய ஆவிதான் அந்த வீட்டை இத்தனை நாளும் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஒழுகலைத்தான் அக்கா இரண்டு நிமிடத்துக்கு முன்னால் தன் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார்.

"அடுப்புக்குப் பக்கத்துல யாரு நிப்பாங்க?" என்று கேட்டார்.

"யாரு நிப்பா? நான்தான். பேத்திய அங்கதான் ஸ்டூல்ல உக்காரவெச்சுத் தலை வாரிவிடுவேன். ஏங்க்கா?"

அக்கா கெண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தையல்காரப் பெண்மணி கேட்டுவிட்டு, துண்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். கெண்டி மேசைமேலேயே இருந்தது.

அன்று அக்கா சாப்பிடவில்லை. கணவர் விஷயத்தைக் கேட்டுத் திகைத்துப்போனார். "சொல்லாமலே சரிபண்ணிக் குடுத்துருக்கலாம்ல? அது உன் வேலைன்னு யாருக்குத் தெரியப்போவுது? தவளை தன் வாயாலதான் கெடும்" என்றார்.

"இன்னும் எட்டு இருக்குங்க. எட்டு அடுப்பு."

கணவர் தேநீரைக் குடித்து முடித்தார். மறுநாள் காலை அக்கா கடை வாசலில் ஒரு கரும்பலகையை வைத்துக்கொண்டு சுண்ணக்கட்டியுடன் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பணிக்குக் கிளம்பியவர் நின்றார். "உன் எழுத்து கோழிக் கிறுக்கல். யாருக்கும் புரியாது. குடு" என்று வாங்கி எழுதினார்: 'மூச்சு ஓட்டையை ஈயத்தால் அடைத்த மோக்கா கெண்டிகள். அடைத்தது நான். அடுப்பில் ஏற்றாமல் கொண்டுவாருங்கள்.' கீழே எட்டுக் கெண்டிகளின் அடையாளம். ஆள் பெயர் ஒன்றுகூட அக்காவுக்கு நினைவில்லை. மூக்கு நசுங்கிய ஆறு கப் கெண்டி. பிடியில் கம்பி சுற்றியது. மூடிக்குமிழ் உடைந்து, பாட்டில் கார்க் செருகியது.

வாடிக்கை பாதியாகக் குறைந்தது. "இவங்ககிட்டயா இத்தன நாளு குடுத்தோம்" என்று காதுபடவே பேசினார்கள். ஆனால் கெண்டிகள் வந்தன. ஒன்றில் பூச்செடி வளர்ந்திருந்தது. நாலு பரணிலிருந்து தூசியோடு இறங்கின. இரண்டு அன்று காலைவரை அடுப்பில் ஏறியிருந்தன. மூன்று வாரத்தில் ஏழு வந்துவிட்டது. கார்க் வைத்த கெண்டி மட்டும் வரவில்லை. ஊரில் எந்த அடுப்பில் அது ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல்தான் அக்கா பார்க்கிற வீட்டுச் சமையலறைக்குள் எல்லாம் புகுந்து புறப்பட ஆரம்பித்தார்.

நேற்றுப் பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் போய்விடாமல் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். அது இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறது.

"அக்கா, அந்தக் கார்க்கு மூடி எங்களுது" என்றார்.

அக்கா அப்போதே கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னால் நடந்தார். "அத அடுப்புல வெச்சிருக்கியா?" என்று வழியெல்லாம் கேட்டார். தபால்காரர், "வீட்டுக்கு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சமையலறையில் கெண்டி இல்லை. தபால்காரரின் மனைவி மேலே கையைக் காட்டினார். கூரையில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் பழைய பழுப்புக் கறை. எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லையாம்.

"பத்தொம்பது வருஷம் ஆச்சுக்கா. இவரு அடுப்ப அணைக்கப் போனாரு. நான் வாசல்ல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தா, இவரு தரையில, இடது காதுல ரத்தம். அந்தக் காது அதோட சரி." அவர் முந்திக்கொண்டு பேசினார், எங்கே நின்றுவிடுவோமோ என்று பயந்தவர் மாதிரி. "நான்தான் காபி கெட்டியா வரட்டும்னு தூள ஸ்பூனால போட்டு அமுக்கினேன். என் கையாலயே இவரு காதக் கெடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லவே கூச்சமா இருந்துச்சு. நீங்க அவ்வளவு அழகா சரிபண்ணிக் குடுத்தத இப்பிடி ஒடச்சுட்டோமேன்னு."

இத்தனை வருடம் தெருவே சிரிக்கும்படி அக்கா அந்தக் காதைத்தான் கேலி செய்திருக்கிறார். மேசைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தபால்காரரும் உட்கார்ந்தார். மேசைமேல் யாரோ வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"அமுக்கினது தப்பில்லம்மா" என்றார் அக்கா, மெதுவாக. "எல்லாரும் அமுக்குறதுதான். ஆவி போற வழிய நான்தான் அடைச்சேன். அடைச்சது தப்புன்னு ஆறே மாசத்துல தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வந்து சொல்லல."

அடுப்படியில் நின்ற மனைவியின் கை வாய்க்குப் போனது. அது அங்கேயே நின்றுவிட்டது.

தபால்காரர் கழுத்தை இடப்பக்கம் திருப்பினார். "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

அக்கா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, தபால்காரரின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார்.