குரங்குக் குல்லா போட்ட முக்குளிப்பான்

மலைமேல் பூண்டியில், நாங்கள் வெள்ளாமை செய்யும் காட்டுக்குக் கீழே ஒரு குட்டை இருக்கிறது. அதில் ஒரு ஜோடி முக்குளிப்பான். சின்ன வாத்து மாதிரி இருக்கும். சட்டென்று மூழ்கி வேறெங்கோ தலைதூக்கும். போன வருஷம் ஒரு காலையில் அவற்றில் ஒன்றின் அலகைத் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. வாயைத் திறக்க முடியாமல் தலையை உதறிக்கொண்டே இருந்தது.

என் கணவர் மீன்வலையோடு தண்ணீரில் இறங்கினார். கிட்டே போனதும் அது முங்கிவிடும். மத்தியானம்வரை போராடிவிட்டு நடுங்கிக்கொண்டு கரையேறினார்.

தன் இனத்தில் வேறொன்று குட்டைக்கு வந்தால் இந்த முக்குளிப்பான் விரட்டியடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தெர்மோகோல் துண்டைச் சீவி, அவருடைய பழுப்புக் குரங்குக் குல்லாவை அதில் மாட்டி, குச்சியை அலகாகச் செருகினேன்.

"ஏய், அது என் குல்லால்ல?"

"உங்க தலையவிட இதுக்குத்தான் அழகா இருக்குங்க."

பழனியிலிருந்து என் சீரோடு வந்த கொசுவலை, கொசுவே இல்லாத இந்த மலைக்குளிரில் பிரிக்காமலே கிடந்தது. அதை இரண்டு மூங்கில்களில் கட்டித் தண்ணீருக்குள் தாழ்த்தி, அதன் மேலே பொம்மையை மிதக்கவிட்டோம். ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்தபடி கோரைக்குள் பதுங்கினோம்.

வரப்பில் போன பக்கத்துக் காட்டுக்காரர் நின்றுவிட்டார். "என்ன, வாத்து வேட்டையா? ஃபாரஸ்ட்காரங்க பாத்தா புருஷன் பொண்டாட்டிய சேத்து உள்ள வச்சிருவாங்க."

"வாயில நரம்பு சுத்திக் கெடக்குண்ணே. எடுத்துவிடத்தான். சத்தம் போடாதீங்க."

அவரும் கோரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சாயும்போது அது பொம்மையைப் பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு நேராகப் பாய்ந்து வந்து குல்லாவில் மோதியது.

"தூக்குங்க!" என்று கத்தினேன். குல்லாவும் அதுவும் சேர்ந்தே வலைக்குள் வந்தன.

சேலை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்தது. என் கணவர் நகவெட்டியால் நரம்பை ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். கடைசிச் சுற்று அவிழ்ந்ததுமே அவர் கட்டைவிரலைக் கொத்தியது.

"ஏலே, உனக்காகத்தானடா நாள் பூரா நனைஞ்சேன்!"

தண்ணீரில் விட்டேன். முங்கியது. வெகு நேரம் காணவில்லை. பிறகு எதிர்க்கரை ஓரம் அலகில் சின்ன மீனோடு எழுந்தது. அதன் ஜோடி பக்கத்தில் நீந்தி வந்தது.

"பசி பாரு அதுக்கு," என்றார் என் கணவர், என் தோளைப் பிடித்தபடி. அவர் கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.