இருபது வயதுக்குள்

என் தம்பி செத்ததற்கு என் சடைதான் காரணம் என்று ஒரு வருடம் நம்பியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

தம்பிக்குக் கைக்குழந்தையிலிருந்தே மூச்சு இளைப்பு. அவன் தேறினால் எங்கள் இருவருக்கும் மொட்டை போடுவதாக அம்மா பழனி முருகனுக்கு நேர்ந்திருந்தாள். கொஞ்சம் தேறியதும் போனோம். தம்பி சமர்த்தாகத் தலையைக் கொடுத்தான். எனக்கோ அடுத்த வாரம் பள்ளி ஆண்டு விழாவில் நடனம். தூணைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினேன்.

"விடுங்க, பொம்பளப் பிள்ளைக்குப் பூமுடி போதும். முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்றாள் அம்மா. சடை நுனியில் மூன்று விரல்கடை வெட்டிக் கொடுத்துவிட்டுக் கொடைக்கானலுக்கு பஸ் ஏறினோம். அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு தம்பி போய்விட்டான். நாலு வயது.

அப்போது அம்மா வட்டக்கானலில் ஒரு விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தாள். இஸ்ரேல்காரப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தங்கும் இடம். ஒரு நாள் அங்கிருந்த அக்கா ஒருத்தி என் தலையைப் பின்னிவிட ஆசையாகக் கை நீட்டினாள். நான் உடைந்து அழுதேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஜீப் ஓட்டும் மாமாதான் அவளுக்கு எடுத்துச் சொன்னார். மாமாவின் இங்கிலீஷ் வளைவுகளில் திணறும், ஆனால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அக்கா வெகுநேரம் என் கையைப் பிடித்தபடி பேசினாள்.

"அவங்க மதத்துல பன்னெண்டு வயசானாப் பொம்பளப் பிள்ள செய்யறதுக்கு அவளே பொறுப்பாம். ஆனாலும் இருபது வயசு வரைக்கும் சாமி தண்டிக்காதாம். அவங்க பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்களாம். உனக்குப் பத்துதான ஆகுது? அழுகாத, கழுத" என்றார் மாமா.

அந்த ஊர்ச் சாமியின் சட்டம் நம் முருகனுக்குச் செல்லுமா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, தம்பி செத்தது என்னால இல்லம்மா! இருபது வயசுக்குள்ள சாமி தண்டிக்காதாம். பெரியவங்களத்தான் தண்டிக்குமாம்!"

அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றாள். பிறகு, "சரி தாயி. நீ போய் வெளையாடு" என்றாள். நான் விளையாடத்தான் போனேன்.

அடுத்த செவ்வாய் வெள்ளனே தனியாகப் பழனிக்குப் போனவள், சாயங்காலம் மொட்டைத் தலையோடு வந்தாள். எனக்குப் பதிலாகக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதை நான் யோசிக்கவே இல்லை.