பிழியாத எலுமிச்சம்பழம்

தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிக் குழம்பு வைக்காத ஞாயிற்றுக்கிழமையை என் கணவர் ஞாயிற்றுக்கிழமையாகவே மதிக்க மாட்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதனால் மகள் வாங்கி அனுப்பிய, கரண்டில் மெதுவாக மணிக்கணக்கில் வேகும் ஸ்லோ குக்கரில், பாசிப்பருப்பைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு கரண்டி பால் ஊற்றிச் சொதி வைக்கப் பழகியிருந்தேன்.

சாரல் காலம். ஆலங்குளத்திலிருந்து தங்கை வந்திருந்தாள். விடியும் முன்பே குக்கரைப் போட்டுவிட்டு, அவரை வீட்டில் இருக்கச் சொல்லி, அவளோடு குற்றாலம் போனேன். மதியம் தென்காசிக்குத் திரும்பியபோது குக்கரில் விளக்கு எரிந்தது. காய்களும் வெந்திருந்தன. பாலை ஊற்றி அவருக்குப் பரிமாறினேன்.

ஒரு வாய் சாப்பிட்டவர், "ஏட்டி, எலுமிச்சம்பழம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

கடைசியில் பிழிய வேண்டிய பழத்தை நான் இன்னும் நறுக்கவே இல்லை.

தட்டை இழுத்துக்கொண்டேன். "கரண்டு போச்சாங்க?"

"இல்லையே, ஃபேன் ஓடிட்டுத்தான இருந்துது."

ஃபேன் ஓடியது இன்வெர்ட்டரில். குக்கருக்கு அந்த இணைப்பு கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டால், "காலைல போன கரண்டு, இப்பதான்க்கா வந்துது" என்றார்கள். கரண்டு போகும் முன்பே காய் வெந்துவிட்டது; பிறகு அத்தனை நேரமும் வெதுவெதுப்பில் கிடந்து பருப்பு புளித்திருக்கிறது.

"ருசி மாறியிருந்தா துப்ப வேண்டியதுதானே?" என்று கத்திவிட்டேன்.

"நீ பாடுபட்டு வச்சதுல்லா" என்றார்.

நல்லவேளை, ஒரு வாயோடு போயிற்று; உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இப்போது நான் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும்தான் குக்கர். பழம் பிழியும் முன், ஒரு சொட்டு சொதியை உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறேன். "மொதல்ல எனக்குத் தா" என்று அவர் கையை நீட்டுவார்.

கொடுப்பதில்லை.