வாகை மரத்துக்குத் தீர்த்தகிரி சொன்ன விலை

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் யார் வீட்டுக் கொல்லையில் பெரிய மரம் நின்றாலும், அதை வெட்டிவிடலாமா என்று வீட்டுக்காரருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டால் மறுநாளே தீர்த்தகிரிக்கு ஆள் போகும். அவர் வருவார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். கோடாலியைத் திருப்பிப் பிடித்து, மழுங்கிய பக்கத்தால் இடுப்பு உயரத்தில் நாலு பக்கமும் தட்டுவார், பிறகு நெஞ்சு உயரத்தில், பிறகு கை எட்டுகிற மட்டும். சந்தையில் தேங்காய் வாங்குகிறவன் தட்டிப் பார்க்கிற மாதிரிதான். உள்ளே கட்டியாக இருக்கிற மரம் ஒரு மாதிரி பேசும், பொந்து விழுந்த மரம் வேறு மாதிரி பேசும்.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்காதீர்கள். காசே அதில்தான் இருக்கிறது. கட்டி மரமென்றால் தீர்த்தகிரியே வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். பொந்து மரமென்றால் விறகுக்குத்தான் ஆகும், ஏறுகிறவன் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அதனால் வீட்டுக்காரர்தான் கூலி கொடுக்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் தட்டிச் சொன்னது ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. "தீர்த்தகிரி தட்டிட்டாருல்ல, அப்புறம் என்ன பேச்சு?" என்பார்கள். அந்த ஒரு சொல்தான் அவர் சேர்த்த சொத்து.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் காது போய்விட்டது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மிஷின் ரம்பம் வாங்கினார். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு அறுத்தார். காதுக்கு ஒரு துணியாவது கட்டினாரா? கட்டவில்லை. முதலில் வலது காது அடைத்தது. இரண்டு வருஷமாக இடது காதும் இல்லை. வாசலில் நின்று கத்தினால் ஏதோ இரைச்சல் மாதிரி எட்டும், அவ்வளவுதான்.

மனைவி காளியாத்தாளுக்கு மட்டும் தெரியும். "ஏனுங்க, சேலத்துக்குப் போயிக் காதக் காட்டிட்டு வரலாமுங்க" என்று அவரது முகத்துக்கு நேரே வந்து கத்தினாள்.

"கத்தாத புள்ள. மரம் தட்டறவனுக்குக் காது கேக்காதுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், நாளைக்கு எவன் கூப்புடுவான்? நீ வாய மூடிக்கிட்டு இரு" என்றார் தீர்த்தகிரி. அவளும் மூடிக்கொண்டாள். பாவி மகள், அன்றைக்கு மட்டும் சண்டை போட்டிருக்கலாம்.

அவர் சும்மா இருக்கவில்லை, வேறு வழி கண்டுபிடித்தார். ஒரு கையால் தட்டும்போது மற்றக் கையை மரத்தின்மேல் பதித்துக்கொள்வார். பொந்து மரம் என்றால் உள்ளங்கையில் அதிரும். கட்டி மரம் அசையாது. இப்படியே இரண்டு வருஷத்தில் பதினெட்டு மரம் பார்த்தார், பதினெட்டும் சரியாகவே இருந்தது. மனிதர்களைச் சமாளிப்பது இன்னும் சுலபம். யார் எது சொன்னாலும் வாயைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் யோசிப்பது போல நின்று, தலையை ஆட்டிவிடுவார். தலையாட்டுகிறவனிடம் யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

மரம் ஏற அவரோடு இருந்தது மருமகன் தனசேகர். அவன் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஒடிசா, ராஜஸ்தான் என்று அலைந்தவன். "ஊரோட இருங்க, எங்கப்பாகூட வேலைக்குப் போங்க, அது பயமில்லாத வேலை" என்று தீர்த்தகிரியின் மகள் தனப்பிரியாதான் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தாள். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மாமனார் தட்டிச் சொல்லாத மரத்தில் தனசேகர் காலை வைக்கமாட்டான். தட்டிச் சொல்லிவிட்டாரென்றால் மறுபேச்சுப் பேசமாட்டான்.

போன தை மாதம் குமாரசாமி ஆள் அனுப்பினார். பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக்கூடத்தை ஒட்டி நின்ற வாகை மரத்தை எடுத்துவிட்டு இன்னும் ஆறு தறி போடும் உத்தேசம். தறிக்காரர்களுக்குப் பேச்சே கத்தல்தான். அதனால் அவர் சொன்னதில் பாதி காதிலும் பாதி உதட்டிலுமாகத் தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது.

"தம்மம்பட்டியில இருந்து கிரேன் வெச்சிருக்கற ஒருத்தன் வந்தானப்பா. மரத்துல ஓட்டை போட்டு சர்வே பண்ணோணுமாம், அதுக்கே மூவாயிரமாம். வெட்டறதுக்கு நாப்பத்தஞ்சு கேக்கறான். மேல ஆளே ஏறக்கூடாதாம், கிரேன்லதான் எடுக்கோணுமாம். நீ என்னப்பா சொல்ற?"

தீர்த்தகிரிக்குச் சுருக்கென்றது. அவர் எல்லையில் நிற்கிற மரத்துக்கு எவனோ வந்து மதிப்புப் போடுவதா?

"மரத்தத் தட்டிப் பாக்கறதுக்கு மூவாயிரமா? எங்கப்பன் காலத்துல இருந்து வெத்தல பாக்குக்குப் பாத்துட்டு வாரமுங்க" என்று கோடாலியை எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையைப் பதித்துத் தட்டினார். கை அதிர்ந்தது. தட்டாமல் கையை வைத்துப் பார்த்தார். அப்போதும் அதிர்ந்தது. காலடியில் மண் அதிர்ந்தது, சுவரும் அதிர்ந்தது. சரி, இது தறியின் அதிர்வு என்று நினைத்தார். மறுபடியும் தட்டினார். தட்டும்போது கொஞ்சம் கூடுதலாக அதிர்ந்த மாதிரி இருந்தது. அதையும் தறியின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

"ஒரு மணிக்குச் சோத்துக்குத் தறிய நிறுத்துவோம். அப்ப வேணா இன்னொருக்காத் தட்டிப் பாக்கறியா?" என்றார் குமாரசாமி. நல்ல மனிதர், நல்லதாகத்தான் கேட்டார்.

நின்றிருக்கலாம். ஒரு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஆனால் சத்தமில்லாத இடத்தில் பக்கத்தில் ஆள் நிற்கத் தட்ட அவருக்குப் பயம். தமக்குக் கேட்காதது குமாரசாமிக்குக் கேட்டுவிட்டால்? "என்ன தீர்த்தகிரி, தொம்முங்குது?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? அதோடு முப்பது வருஷப் பேரும் மண்ணாகிவிடும்.

"தட்டுனது தட்டுனதுதானுங்க. கட்டி மரம். நீங்க ஒரு பைசா தர வேண்டாம், நான் பதினெட்டாயிரம் தாரேன்" என்றார். நாற்பத்தைந்தாயிரம் செலவாகும் என்று நினைத்திருந்தவருக்குப் பதினெட்டாயிரம் வரவு என்றால் கசக்குமா?

வெள்ளிக்கிழமை காலையில் ஏறினார்கள். கிளை கூரைமேல் விழுந்தால் ஆபத்து என்று குமாரசாமி தறிகளை நிறுத்தி, ஆட்களைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார். தெருவே அமைதியாக இருந்தது. தனசேகர் கிளை பிரிகிற கவட்டுக்கு ஏறி, இடுப்புக் கயிற்றை நடுமரத்தோடு கட்டிக்கொண்டு, மேற்குக் கிளையை இறக்கினான். ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்தது கூரைக்கு மேலே நீண்டிருந்த பெரிய கிளை. கீழே நின்று அதன் கயிற்றைப் பிடித்திருந்தார் தீர்த்தகிரி.

தனசேகருக்கு என்ன தோன்றியதோ, மிஷினை அணைத்துவிட்டு அரிவாளின் பின்பக்கத்தால் கவட்டுக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டினான்.

"மாமா! இங்க கீழ பொந்தாட்டம் சத்தம் வருதுங்க. இந்தக் கிளைய அறுத்தா மரம் தாங்குமுங்களா?"

சுவரோரம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தார். மருமகனின் வாய் அசைந்தது தெரிந்தது. கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கிறான்போல என்று நினைத்தார். எப்போதும் போல ஒரு கணம் யோசிப்பது மாதிரி நின்று, பெரிதாகத் தலையை ஆட்டினார். போதாதென்று ஆகட்டும் ஆகட்டும் என்று கையையும் காட்டினார்.

மாமா சொல்லிவிட்டார். தனசேகர் மிஷினை முடுக்கினான்.

கிளை அறுந்த வேகத்தில் நடுமரம் உலுக்கிக்கொண்டு, கவட்டுக்குக் கீழே வாய் பிளந்தது. உள்ளே மரம் எங்கே இருந்தது? பழுப்புத் தூள்தான் கொட்டியது. கவட்டுக்கு மேலே இருந்த மரம் அப்படியே சாய்ந்தது. அதோடு கட்டியிருந்தவனும் சாய்ந்தான். சுவரோரம் நின்றவர்கள் அலறியதும் தீர்த்தகிரிக்குக் கேட்கவில்லை. கயிற்றில் கண்ணாக இருந்தவருக்கு, அது கையில் தளர்ந்தபோதுதான் தெரிந்தது. தனசேகரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், போய்ச் சேரும்வரை உயிர் தங்கவில்லை.

மூன்றாம் நாள். பால் ஊற்றிவிட்டு வந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். குமாரசாமியிடம் தறிக்கு நூல் தார் சுற்றும் மஞ்சுளாவும் அன்று சுவரோரம் நின்றவள்; துக்கத்துக்கு வந்த இடத்தில் தனப்பிரியாவைக் கட்டிக்கொண்டு அழுதபடியே தான் கண்டதையும் கேட்டதையும் சொல்லிவிட்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை, மனசு தாங்காமல் சொன்னாள்.

தனப்பிரியா எழுந்துபோய் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கப்பா, பொந்து இருக்குது, அறுக்கலாமான்னு அவரு கேட்டாராமா. நீங்க அறுன்னு தலையாட்டுனீங்களாமா. நெசமுங்களா?"

தீர்த்தகிரி அவள் உதட்டைப் பார்த்தார். எல்லாம் புரியவில்லை. பொந்து என்பது புரிந்தது, தலையாட்டியது புரிந்தது. அது போதும். காளியாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கல சாமி. காது ரெண்டும் போயி ரெண்டு வருசமாச்சு. மாப்ள என்ன கேட்டாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

தனப்பிரியா அழவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கும் தெரியும் என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. பிறகு அப்பாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

அவருக்குக் கேட்கவில்லை. தலை தன்பாட்டுக்கு ஆடப்போனது. ஆடவிடாமல் நிறுத்திக்கொண்டார்.

"என்ன சாமி சொன்ன? சத்தமாச் சொல்லு."

இரண்டு வருஷத்தில் அப்படி அவர் ஒருவரையும் கேட்டதில்லை. தனப்பிரியா அவரது இடது காதருகே வாயைக் கொண்டுபோய், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"இத அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லீருந்தா, அவரு அந்த மரத்துல ஏறியே இருக்க மாட்டாருங்களேப்பா!"

அது அவருக்குக் கேட்டது.