பிரெஞ்சு மாளிகைத் தந்திரமும் ஆடிச் சேலையும்

ஆடி வெள்ளி, காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்த் தொட்டி மூடிமேல் கவிழ்த்திருந்த வாளி. அதற்கடியில் பெரிய அண்ணியின் செருப்பு ஜோடி, குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது.

ஒளித்தது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒளிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அப்போது பிரெஞ்சுப் பிரபுக்களைப் பற்றி ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே மாளிகையில் அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும். காலையில் ராணிக்குச் சட்டை எடுத்துக்கொடுக்கும் உரிமை யாருக்கு என்று சண்டை. பிரான்சை நான் பார்த்ததில்லை. ரங்கூனில், தின்கன்ஜூன் பேட்டையில் இரண்டு அண்ணிகளோடு ஒரே வீட்டில் இருந்தேன், அது போதுமானதாக இருந்தது. வீட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசித்து, குரல் பதிவாகக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவேன். முந்தைய வார அத்தியாயத்தில், இளையவள் மூத்தவளின் காலணியை ஒளித்துவிட்டு ராணியின் அறைக்கு முந்திப் போகிறாள்.

எங்கள் வீட்டுக்கு ராணி, அம்மன். ஆடி வெள்ளியன்று சேலை கொடுப்பது எங்கள் குடும்பம். சேலைத் தட்டைத் தூக்குவது எப்போதும் பெரிய அண்ணி. சின்ன அண்ணியின் அம்மா பர்மியர். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் அவர் கைக்குத் தட்டு வரவில்லை. ஒரு தடவையாவது தூக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனால் சேலைத் தட்டை வெறுங்காலோடுதான் கொண்டுபோக வேண்டும். பதினாறு வருடம் பின்னால் நடந்தவருக்கு அது ஞாபகம் வரவில்லை. பிரான்சில் அந்தச் சிக்கல் கிடையாது.

பெரிய அண்ணி வாளியைத் தூக்கிப் பார்த்தார்.

“உன் கதையில வர்றவளுக்குக் கொஞ்சம் மூளை இருந்துச்சு, தம்பி.”

சின்ன அண்ணி கட்டிக்கொண்டிருந்த பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மழை வருது அக்கா, கிளம்பலாம்.”

கோயில் தெருவில் முழங்கால் தண்ணீர். பெரிய அண்ணி பட்டுச் சேலையில். சின்ன அண்ணி கட்டியிருந்தது பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் தமெயின், ஒரே இழுப்பில் அதை ஏற்றிச் செருகியாயிற்று.

“அக்கா, பட்டு நனையுது. தட்டைக் குடுங்க, கொசுவத்தை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிங்க.”

“வாசல் வரைக்கும்தான்.”

“வாசல் வரைக்கும்தான்.”

தட்டு கைக்கு வந்ததும் அவர் நடை மாறியது. நான் பெரிய அண்ணிக்குக் குடை பிடித்துக்கொண்டு தெரு நடுவில் தத்தளித்தபோது, வாசலில் தட்டைப் பார்த்த மேளக்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். மேளம் தொடங்கியபின் தட்டு கை மாறக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம்.

“இதையும் எழுதித் தொலைக்காதே,” என்றார் பெரிய அண்ணி.

அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சேலை கொடுத்தது சின்ன அண்ணி.