ஒரே பலகையில் இரண்டு கைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் சிநேகிதனும் சங்கரன்கோவிலில் ஒரு போர்டு எழுதும் கடையில் வேலை பார்த்தோம். நான் உள்ளூர்க்காரன். அவன் கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். ஜவுளிக்கடை, லாரி, கல்யாண மண்டபம் என்று எந்தப் பலகை வந்தாலும் எழுத்து எனக்கு, படம் அவனுக்கு. இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயசு.

துபாயில் இருந்த அவனுடைய அக்கா மாப்பிள்ளை லீவில் வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு கேசட். அவருடைய வெள்ளைக்கார சூப்பர்வைசர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். மேலே பெயர்கூட எழுதியிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் பின்கட்டில் வைத்து அதைப் போட்டான். பட்டனை அமுக்கியதும் நான் பதறி எழுந்துவிட்டேன்.

“என்னலே இது, பாட்டா சண்டையா?”

“பாட்டுதாம்லே. கொஞ்சம் பொறுத்துக் கேளு.”

கேசட்டில் எவனோ தொண்டை கிழியக் கத்தினான். பின்னால் கிதாரும் டிரம்மும் விசைத்தறிக் கொட்டகை மாதிரி ஒரே ஓட்டமாக ஓடின. ராகம் இல்லை, குழைவு இல்லை. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் விளங்கியது. அந்த வயசில் எங்களிடமும் அது நிறைய இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியாது.

அன்றைக்கே அவன் ஒரு பழைய பலகையை எடுத்து நிறுத்தினான். மிச்சமிருந்த கறுப்பு எனாமலையும் சிவப்பையும் மஞ்சளையும் திறந்தான். “பாட்டு ஆரம்பிச்சா நாமளும் ஆரம்பிக்கணும். முடிஞ்சா கையை எடுத்துரணும்” என்றான். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அடுத்த பாட்டுக்குப் பக்கம் மாறிக்கொண்டோம். நான் போட்ட கோட்டை அவன் அழித்தான், அவன் வைத்த முகத்தின் மேல் நான் மஞ்சளை இழுத்தேன். கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்தபோது பலகையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கூட்டம் நின்றது. பஸ் ஸ்டாண்டு மாதிரியும் இருந்தது, தீப்பிடித்த வைக்கோல்போர் மாதிரியும் இருந்தது. அவன் கை எது, என் கை எது என்று எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. அதுவரை அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

ஒரு வருஷம் அப்படியே போனது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வழியும்போது, கடைக்கு வெளியே ஐந்து படங்களை மாட்டினோம். “கண்ணைப் பிடுங்குதுய்யா” என்று சிரித்துக்கொண்டு போனார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்த ஒரு சின்னப்பிள்ளை, படத்தைப் பார்த்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “ஏலே, அதுக்குப் பாட்டு கேட்டுட்டு பாத்தியா!”

தபசு பார்க்க மாமனார் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மெட்ராஸ்காரரும் அங்கே நின்றார். ஓவியக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவர். எதைக் கேட்டு வரைகிறீர்கள் என்று விசாரித்தார். பாட்டைப் போட்டுக் காட்டினோம். வியர்க்க விறுவிறுக்க நின்று கேட்டுவிட்டு, “இந்த மாதிரிப் பாட்டுக்குப் பேரு பங்க்” என்றார்.

“பெட்ரோல் பங்க்கா சார்?” என்றான் அவன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தை மாதம் மெட்ராஸில் ஒரு கண்காட்சி நடக்கிறது, இரண்டு பேரும் படங்களோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் அவனுக்கு விசா வந்தது.

அக்கா மாப்பிள்ளை ஏற்பாடு செய்தது. அவனுக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள், தறியில் உட்கார முடியாமல் போன வாப்பா. போகாதே என்று யார் சொல்ல முடியும்? பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, “ரெண்டு வருசம்தாம்லே. நீ மெட்ராஸ் போ. ரெண்டு பேரும் சேந்து போட்டதுன்னு சொல்லு” என்றான். நான் தலையை ஆட்டினேன்.

மெட்ராஸுக்குத் தனியாகத்தான் போனேன். படங்களைப் பார்த்தவர்கள் “இதில் உங்கள் பகுதி எது?” என்று கேட்டார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. ஊர் திரும்பித் தனியாக வரைந்து பார்த்தேன். நான் போட்ட கோடு போட்டபடியே கிடந்தது. அதை அழிக்க ஆள் இல்லை.

அவன் இரண்டு வருஷம் முடியும் முன்பே வந்துவிட்டான். செய்தி கேட்டதும் கடையநல்லூருக்கு ஓடினேன். ஆள் பாதியாகியிருந்தான். அங்கே எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கி பெயின்ட் அடிக்கிற வேலையாம். அந்த ஆவி நரம்பைக் கெடுத்துவிட்டது என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னாராம். விரல்களில் உணர்ச்சி இல்லை.

“பிரஷ் கையில இருக்கதே குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது, மக்கா” என்றான். எப்போதும் லே போட்டுப் பேசுகிறவன் என்னை மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சரியாகிவிடும் என்று சொன்னேன். மாசக்கணக்கில் வைத்தியம் பார்த்தும் சரியாகவில்லை. ஒருநாள் ஒரு பலகையையும் இரண்டு டப்பா பெயின்ட்டையும் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறத்தில் பலகையை நிறுத்தி, அவனுடைய டேப் ரிக்கார்டரில் அந்தப் பழைய கேசட்டைப் போட்டேன். பாட்டு ஆரம்பித்ததும் அவன் பிரஷ்ஷை முஷ்டியால் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தான். பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. அவன் கை மட்டும் பலகையின் மேல் இழுத்துக்கொண்டே போனது. விழுந்ததை அவன் அறியவில்லை.

நான் குனிந்து எடுப்பதைப் பார்த்த பிறகுதான் நின்றான்.

“நீ போடுலே. நான் பாக்குதேன்.”

நான் போட்டேன். என் பக்கத்தில் மட்டும் போட்டேன். அந்தப் பக்கம் போகக் கை வரவில்லை. பாட்டு முடியும் முன்பே அவன் முழங்கையால் பட்டனை அமுக்கி நிறுத்தினான்.

“போதும். வா, சாப்பிடுவோம். உம்மா கறி ஆக்கியிருக்கா.”

பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவனுடைய உம்மா எனக்கு இலை போட்டாள். அவனுக்குத் தட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். சோறு சுடுவது அவனுக்குத் தெரியாதாம், ஒருமுறை விரல் வெந்துவிட்டதாம். அவள் ஆறவைத்து உருட்டிக் கொடுத்ததை, என்னைப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டான். “நீ சாப்பிடுப்பா” என்றாள் அவள் என்னிடம். நானும் குனிந்து சாப்பிட்டேன்.