நூற்று முப்பது டிகிரி

எங்கள் பல்கலைக்கழகத்தில் கிஷனைப் பற்றி யாரைக் கேட்டாலும், "நெருப்புக்குக் காய்ச்சல் பாக்கிறவரா?" என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் வேலையும் உண்மையில் அதுதான். தீச்சுடருக்குள் கம்பியை விட்டுச் சூடு பார்த்தால், கம்பியே சுடரைக் கலைத்துவிடும். அதனால் இண்டியம் என்ற உலோகத்தின் உப்புநீரைப் பனிபோலச் சுடருக்குள் தெளித்து, ஊதா லேசரையும் நீல லேசரையும் மாறி மாறிப் பாய்ச்சுவார். இண்டியம் அணுக்கள் அந்த ஒளியை வாங்கித் தாமே ஒளிரும். சூடு ஏற ஏற, நீலத்துக்குப் பதில் சொல்லும் அணுக்கள் கூடும். இரண்டு ஒளிர்வையும் வகுத்துப் பார்த்தால் வெப்பம் தெரிந்துவிடும். சுடரைத் தொடவே வேண்டாம்.

அந்தக் கருவியைக் கட்டி நிறுத்தியவர்கள் அவரும் அவர் மனைவி வைஷ்ணவியும். மூன்று வருடத்துக்கு முன் வைஷ்ணவி ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போனார். அன்றிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதி வீட்டில் கிஷன் ஒண்டிக்கட்டை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடிப்பார். பிறகு ஞாபகம் வந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். பிறகு நானே அந்த நாற்காலியில் போய் உட்காருவேன்.

போன வருடம் ஒரு வழி பிறந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கழிவிலிருந்து எடுக்கும் வாயுவை எரித்துப் பார்க்கும் பெரிய திட்டம். இங்கே கிஷனின் கூடமும் ஜெர்மனியில் வைஷ்ணவியின் கூடமும் ஒரே மாதிரிச் சுடரை அளக்க வேண்டும். முப்பது டிகிரிக்குள் ஒத்துப்போனால் திட்டம் கோலாலம்பூருக்கு வரும். அதை நடத்த வைஷ்ணவியும் வருவார். இல்லையென்றால் இன்னும் மூன்று வருடம் அங்கேதான். கிஷன் வீட்டுக்குப் புதுத் திரைச்சீலையே வாங்கிவிட்டார்.

அளவெடுப்புக்கு முதல்நாள் ஆயுத பூஜை. முன்பெல்லாம் கூடத்தில் வைஷ்ணவிதான் பூஜை செய்வார். அந்த வருடம் முதல்முறையாகக் கிஷன், அவர் வைக்கும் அதே இடத்தில் தட்டை வைத்து, லேசர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டிட்டு, கை நிறையக் கற்பூரம் கொளுத்தினார்.

"அவ சீக்கிரம் வரணும்னு வேண்டிக்கிட்டேன் அண்ணே," என்றார். நானும் நின்று கும்பிட்டுவிட்டுச் சுண்டல் தின்றேன்.

மறுநாள் அளந்தார். ஜெர்மனியில் ஆயிரத்து எழுநூறு. இங்கே ஆயிரத்து ஐந்நூற்று எழுபது. எத்தனை தடவை அளந்தும் அதேதான். அன்று மாலையே கெடு. நூற்று முப்பது டிகிரி வித்தியாசத்தோடு அறிக்கை போனது. திட்டம் அங்கேயே தங்கிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, நீல லேசர் சுடருக்குள் போகும் வழியில் இருக்கும் லென்ஸை வெள்ளைத் தாளால் துடைத்தபோது தாளில் கறுப்பு ஒட்டியது. கற்பூரக் கரி. நீல ஒளியில் பத்தில் ஒரு பங்கை அது தின்றிருந்தது; அதனால்தான் சூடு குறைவாகத் தெரிந்தது. ஒளியின் பலத்தைக் காட்டும் மீட்டர் லென்ஸுக்கு முன்னாலேயே இருப்பதால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. கிஷன் மறுபடி அளந்தார். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

என் முன்னாலேயே மனைவிக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"நேத்துதாங்க இங்க இன்னும் மூணு வருஷத்துக்குக் காண்ட்ராக்ட்ல சைன் பண்ணேன்," என்றார் வைஷ்ணவி. "நான் எப்பவும் எல்லா லென்ஸுக்கும் மூடி போட்டுட்டுத்தானே சூடம் கொளுத்துவேன். வருஷா வருஷம் பக்கத்துலதானே நின்னீங்க, பாக்கலையா?"

கிஷன் அந்தக் கரித்தாளை நாலாக மடித்தார்.

"லென்ஸ எங்க பாத்தேன்," என்றார். "உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் லா."